உப்புக்காற்று வீட்டுக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, அக்கரையில் மின்நிலையமும் துறைமுகமும், ரோட்டில் கன்டெய்னர் லாரி. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் வீட்டுக் குறிப்புகளில் பாதிதான் பலிக்கும். மற்ற ஊரில் பல வருஷம் உழைக்கிற பூட்டு இங்கே ஒரே மழைக்காலத்தில் இறுகிப்போகும். படகுக்குப் போகிற வீட்டுக்காரர், ஷிஃப்டுக்குப் போகிற மகன், மெட்ரோ பிடித்து ஆபீஸ் போகிற மகள் என்று மூன்று பேருக்கும் மூன்று நேரத்தில் சமைத்து, துவைத்து, காசு எண்ணிப் பழகியதில் கைக்கு வந்தவை இவை. காற்று எந்தப் பக்கம், மணி எத்தனை, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வேலையில் கை வைத்தால் எங்க பக்கத்தில் பாதிப் பாடு மிச்சம்.

1. கொடியில் துணி போடும் முன் கயிற்றை விரலால் ஒரு தடவு தடவிப் பாருங்க. கறுப்பு ஒட்டினால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போடுங்க. வாடை அடிக்கிற நாளில் ஆற்றுக்கு அந்தண்டையிருந்து கரித்தூசு நம்ம பக்கம் வரும். அன்றைக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை வீட்டுக்குள் ஃபேன் அடியில் காயவைத்து, மற்றதை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டால் இரண்டாம் முறை துவைக்கும் வேலை இல்லை.

2. மொட்டை மாடியிலும் ஜன்னல் விளிம்பிலும் படிகிற சாம்பலைத் துடைப்பத்தால் பெருக்கினால் எழும்பி மறுபடி அங்கேயே உட்காரும், நெஞ்சுக்கும் ஆகாது. கோணியை நனைத்துப் பிழிந்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடங்க. ஒரே நடையில் மாடி சுத்தம்.

3. வடாம், மிளகாய், மல்லி காயவைக்கக் காலை எட்டு மணிக்கே விரித்துவிடுங்க. உச்சிப்பொழுதில் கடல்காற்று ஏறினதும் உள்ளே எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் வெயில் இருந்தாலும் உப்பு ஈரம் ஏறி நமுத்துப்போகும்.

4. பூட்டு இறுகினால் எல்லாரும் எண்ணெய் விடுவோம். எங்க பக்கத்தில் அந்த எண்ணெயில் சாம்பல் தூசு ஒட்டி இன்னும் கெட்டியாகிவிடுகிறது. பென்சில் கரியைப் பொடியாக்கிச் சாவியில் தடவி நாலு தடவை திருப்புங்க, வழுக்கிக்கொண்டு திறக்கும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பூட்டின் மேல் குல்லாய் மாதிரி தொங்கவிட்டால் சாரலும் உள்ளே போகாது.

5. கதவுக் கீலுக்கும் ஜன்னலுக்கும் ஸ்க்ரூ வாங்கும்போது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ என்று கேட்டு வாங்குங்க. விலை கூடத்தான். ஆனால் துருப்பிடித்துத் தலை முறிந்த ஸ்க்ரூவைக் கழற்ற ஆசாரியைக் கூப்பிடுகிற கூலியைவிடக் குறைவு.

6. ஊசி, குண்டூசி, சின்னக் கத்தரிக்கோல் மூன்றையும் காலியாகப் போகும் பவுடர் டப்பாவில் போட்டு வைங்க. அடியில் மிஞ்சிய பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

7. கம்பி வைத்த துணி கிளிப்பால் சட்டையில் துருக்கறை பட்டுவிட்டதா? எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் குழைத்துத் தடவி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசுங்க. அடுத்த முறை முழு பிளாஸ்டிக் கிளிப்பாகப் பார்த்து வாங்கிவிடுங்க.

8. கிழிந்த நைலான் வலை இருக்கிற வீட்டில் கடைச் சாமானில் பாதி வாங்க வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு வெட்டிச் சுருட்டினால் பாத்திரம் தேய்க்கிற நார். பையாக முடிந்தால் வெங்காயமும் பூண்டும் தொங்கவிட காற்றோட்டமான உறை. மாடியில் கட்டினால் பீர்க்கனும் அவரையும் ஏறும் பந்தல். எங்க வீட்டுச் சம்ப்பின் வாயைக் காகம் எட்டாமல் மூடியிருப்பதும் பழைய மடவை வலைதான். மிச்சத்தை மட்டும் ஆற்றில் விட்டுவிடாதீங்க. அங்கே போனால் அது தானாகவே மீன் பிடித்துக்கொண்டிருக்கும், கரைக்கு முட்டையிட வருகிற பங்குனி ஆமையும் அதில் மாட்டும்.

9. ஐஸ் மீன் வந்த தெர்மகோல் பெட்டியைக் கழுவி வெயிலில் இரண்டு நாள் வைத்தால் வாடை போய்விடும். முக்கால் பதம் வெந்த சோற்றுப் பானையை நன்றாகக் கொதிக்கும்போதே இறக்கி, பழைய துணி சுற்றி அதற்குள் வைத்து மூடுங்க. மீதி பதம் தானாகவே வெந்துவிடும், கேஸ் மிச்சம். மழைக்காலத்தில் இட்லி மாவு பொங்கவும் இதே பெட்டி உதவும்.

10. மீனை வெறும் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் நாலு நாளில் நார் நாராகக் காய்ந்துவிடும். கழுவிய துண்டுகளை டப்பாவில் அடுக்கி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறையவைங்க. நெத்திலியும் கிழங்கானும் கூட இப்படி வைத்தால் ருசி போகாது.

11. உயிர் நண்டு நிறைய வந்துவிட்டால் தண்ணீரில் போட்டு மூடாதீங்க, மூச்சு முட்டிச் செத்துவிடும். கால்களைக் கட்டி, நனைத்த கோணிக்கு அடியில் நிழலில் வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும். செத்துக் கிடக்கிற நண்டை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

12. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது காசிமேட்டில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு மலைக்காமல், ஃபைபர் படகில் வருகிற சின்ன மீனைக் கரையிலேயே வாங்குங்க. மீனவக் குடும்பங்கள் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய்க்கு பேங்க் பாஸ்புக்கையும் ஆதாரையும் மார்ச்சிலேயே சரிபார்த்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் இல்லை. பேங்க் கணக்கு தூங்கிப்போயிருந்தாலும் பணம் வராமல் நிற்கும்.

13. காசிமேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். செவ்வாய், புதன் விடியற்காலையில் நாலு வீடு சேர்ந்து போய், ஏலத்தில் ஒரு கூடையாக எடுத்துப் பங்கு போடுங்க. மூடி போட்ட வாளியும் ஐஸும் வீட்டிலிருந்தே கொண்டுபோனால் அந்தச் செலவும் இல்லை.

14. இறால் தலையையும் ஓட்டையும் தூக்கி எறியாமல் வெறும் சட்டியில் வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி ஃப்ரீசரில் வைங்க. மீன் கிடைக்காத நாளில் கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு கரண்டி விட்டால் போதும்.

15. ஆற்றில் இறங்குகிற வீட்டுக்காரருக்குப் பழைய ஷூ ஒன்றைத் தனியாக எடுத்து வைங்க. சில வருஷமாகச் சேற்றுமேல் பாய் விரித்த மாதிரி பரவிக் கிடக்கிற காக்கா ஆழியின் ஓடு பிளேடு மாதிரி கிழிக்கிறது. இது நம்ம ஆற்றுச் சிப்பி இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியது. கிழித்துவிட்டால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று பார்த்துக்கொள்ளுங்க.

16. மீன் அரிந்து, வலை இழுத்துத் தேய்ந்த விரலில் ரேகை சரியாக விழாது. ரேஷன் கடை மெஷின் நம்மைத் திருப்பி அனுப்பிவிடும். போகும் முன் கையை வெந்நீரில் கழுவித் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்க. எந்த விரல் நன்றாக எடுக்கிறதோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு அதையே வைங்க. அப்படியும் நின்றால் கண் கருவிழிப் பதிவு கேளுங்க. வயதான பெரியவர்கள் தனியாக இருக்கிற வீட்டுக்குத் தாயுமானவர் திட்டத்தில் வண்டியே வாசலுக்கு வருகிறது.

17. செல்போனைத் திறக்கவும் இதே கதைதான். கட்டை விரலை விட்டுவிட்டு, வேலையில் அதிகம் தேயாத மோதிர விரலைப் பதிந்து வைங்க. ஈரக் கையால் பத்து தடவை அழுத்துகிற எரிச்சல் போச்சு.

18. படகுக்குப் போகும்போது போனை ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடிக் கொடுங்க. கவரின் மேலேயே தொட்டுப் பேசலாம். வீட்டில் சார்ஜ் போடும் ஓட்டையில் பச்சை பூக்காமல் இருக்க வாரம் ஒருமுறை காய்ந்த டூத் பிரஷ்ஷால் தூசு தட்டுங்க.

19. போன் கடல் தண்ணீரில் விழுந்தால் அரிசி டப்பாவில் புதைப்பது வீண். உப்பு உள்ளேயே இருந்து அரித்துக்கொண்டிருக்கும். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் ‘கடல் தண்ணி’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்க. மருந்து விட்டுக் கழுவித் தருவார்கள். ரிச்சி தெருவுக்குப் போவதானால் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

20. மீன் விற்கிற காசுக்கு ஒரு பேங்க் கணக்கு, வீட்டுச் சேமிப்புக்கு ஒரு கணக்கு என்று பிரித்து, போனில் முதல் கணக்கை மட்டும் சேர்த்து வைங்க. ஏதாவது தவறினாலும் போவது அன்றைய பணம் மட்டும்தான். பட்டன் போன் வைத்திருக்கிற அம்மாக்கள் *99# அடித்து நெட் இல்லாமலே இருப்பு பார்க்கலாம், பணமும் அனுப்பலாம்.

21. பணம் நமக்கு வருவதற்கு எந்த நாளும் ரகசிய எண் போட வேண்டியதில்லை. ‘ஸ்கேன் பண்ணுங்கம்மா, காசு ஏறிடும்’ என்று சொல்கிறவர் காசை எடுக்கத்தான் பார்க்கிறார். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் 1930க்கு உடனே போன் போடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

22. எண்ணூரிலிருந்து வருகிற மின்சார ரயிலில் சில வண்டி சென்ட்ரலுக்குப் போகும், சில வண்டி ராயபுரம் வழியாகக் கடற்கரைக்குப் போகும். எது முதலில் வருகிறதோ அதில் ஏறி, வேண்டுமானால் கொருக்குப்பேட்டையில் மாறிக்கொள்ளுங்க. நம்ம வண்டிக்காக எண்ணூரில் வெறுமனே நிற்பதைவிட ஜங்ஷனில் நிற்பது மேல். தினமும் போகிறவர்கள் சீசன் டிக்கெட்டை மாசக் கடைசிக் கூட்டத்துக்கு முன்பே போனில் புதுப்பித்துவிட்டால் வரிசையும் இல்லை.

23. மெட்ரோவுக்கு கவுன்டரில் டிக்கெட் எடுக்காமல் போனில் கியூஆர் டிக்கெட் எடுத்தால் கட்டணத்தில் 20 சதவீதம் குறைகிறது. வாரம் ஆறு நாள் போய் வருகிற மகளுக்கு அதில் மிச்சமாகிற காசில் எங்க வீட்டுப் பால் பாக்கெட் செலவில் ஒரு பங்கு ஓடுகிறது.

24. பழைய வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த மெட்ரோ 2021 பிப்ரவரியில்தான் விம்கோ நகர் வரை வந்தது. அதற்கு முன்பு பாரிமுனைக்கு ஒரு வேலைக்குப் போனால் அரை நாள். இப்போது ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர் போய் ஏறினால் ஹைகோர்ட், சென்ட்ரல், ஏர்போர்ட் எல்லாம் ஒரே தடம். அதனால் வெளிவேலைகளை ஊர்ப் பெயரால் எழுதாமல் ஸ்டேஷன் வரிசையில் எழுதி வைங்க: மண்ணடியில் இரும்புக்கடை, ஹைகோர்ட்டில் பர்மா பஜார், சென்ட்ரலில் ரயில் ரிசர்வேஷன். ஒரே பயணத்தில் மூன்றும் முடியும்.

25. குழந்தைகளை ராயபுரம் பக்கம் கூட்டிப்போகிற நாளில் பத்து நிமிஷம் ஸ்டேஷன் முகப்பைக் காட்டிவிட்டு வாங்க. 1856இல் திறந்த இந்தக் கட்டடம்தான் நாட்டில் இன்றும் நிற்கிற ரயில் நிலையங்களில் பழையது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. டிக்கெட் காசில் சுற்றுலா ஆச்சு, பள்ளிக்கூடக் கட்டுரைக்கும் ஆச்சு.

26. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் இலவசம் என்றாலும் கண்டக்டரிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி இறங்கும் வரை கையில் வைத்திருங்க. வேலை தேடி நாலு இடம் அலைகிற ஆண்பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் கணக்குப் பார்க்காமல் ஏறி இறங்கலாம்.

27. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் ஒன்றாக வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைங்க. மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று கோயில் பார்க்கிற கூட்டம் தேரடியில் நிறைந்திருக்கும். கோயில் தவிர மற்ற வேலையை மறுநாளுக்கு வைத்துக்கொண்டால் பஸ்ஸில் நசுங்க வேண்டாம்.

28. இதை வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்க. டிரெய்லர் லாரியின் இடது பக்கமும் மூக்குக்கு நேர் முன்னாலும் டிரைவர் கண்ணுக்கே தெரியாத இடம். அவர் கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் நாமும் அவருக்குத் தெரியவில்லை. துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கிற லாரிகளுக்கு நடுவில் புகுந்து ரோட்டைக் கடக்காதீங்க. முன்வண்டி நகர்ந்ததும் பின்வண்டி உடனே நகரும். ராத்திரியில் பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கிற லாரியில் மோதித்தான் எங்க பக்கத்தில் எத்தனையோ வீட்டில் விளக்கு அணைந்தது. இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

29. பைக்கைக் கடற்கரைப் பக்கம் நிறுத்தி எடுத்தால் அன்றிரவே நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்க; காலை வரை விட்டால் செயினில் சிவப்பு ஏறிவிடும். ஆற்றுத் தண்ணீரில் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம்.

30. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் முந்தைய ஓ.பி. சீட்டு, மாத்திரை அட்டை, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டி வைங்க. விடியலிலேயே கிளம்பினால் சீட்டு வாங்குகிற வரிசை சின்னது. துணைக்குப் போகிறவர் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் சாப்பிட்டால் வெளியே ஓட்டலுக்குப் போக வேண்டியதில்லை.

31. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற பிள்ளை பகலில் தூங்க, ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் அட்டைப்பெட்டியை வெட்டிச் செருகுங்க. வெளிச்சமும் குறையும், லாரிச் சத்தமும் கொஞ்சம் குறையும். போனில் ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டு, அம்மா நம்பருக்கும் சூப்பர்வைசர் நம்பருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டால் அவசரத்துக்கு மணி அடிக்கும், லோன் வேண்டுமா என்று கேட்கிறவர் எழுப்ப மாட்டார்.

32. ராத்திரி ஷிஃப்டுக்குச் சாம்பார் சாதம் கட்டினால் நடு இரவில் புளித்துவிடும். புளிக்காய்ச்சலும் சோறும் தனித்தனி டப்பாவில் கொடுங்க, அங்கே பிசைந்துகொள்ளட்டும். கூடவே உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் ஒரு பாட்டில். பாய்லர் பக்கம் வேலை செய்கிற உடம்புக்குக் கலர் தண்ணீரைவிட இது தாங்கும்.

33. யூனிஃபார்மில் கிரீஸ் பட்டால் நனைக்கும் முன்பே பாத்திரம் விளக்குகிற லிக்விட் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துப் பத்து நிமிஷம் விடுங்க. தொழிற்சாலைத் துணியையும் குழந்தைத் துணியையும் ஒரே வாளியில் ஊறவைக்காதீங்க.

34. சேஃப்டி ஷூவுக்குள் தினமும் நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணித்து வைத்தால் காலைக்குள் வியர்வை இழுத்துக்கொள்ளும்.

35. கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் சம்பளச் சீட்டை மாதாமாதம் போட்டோ எடுத்து, ‘சம்பளம்’ என்று தனி ஃபோல்டரில் போடுங்க. பதிவு செய்த நம்பரிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் பி.எஃப். இருப்பு மெசேஜாக வரும். பிடித்தம் செய்த காசு கட்டப்படாமல் இருந்தால் இரண்டாவது மாதமே தெரிந்துவிடும். கான்ட்ராக்டர் மாறிய பிறகு தேடினால் யாரைக் கேட்பது? எங்க தெருவில் ஒரு பையன் நாலு வருஷம் கழித்துக் கேட்கப் போய் அலைந்த அலைச்சலைப் பார்த்துத்தான் இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்.

36. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அது பிள்ளைக்கு மட்டும் இல்லை, அவனை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான். குடும்பத்தார் பெயர் கார்டில் ஏறியிருக்கிறதா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்துவிடுங்க.

37. பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை என்றால் குற்றம் பருப்பில் இல்லை, உப்புத் தண்ணீரில். மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரில் ஒரு குடத்தைச் சமையலுக்கென்று தனியாக மூடி வைங்க. பருப்பு, டீ, சாதம் மூன்றும் அதில். கேஸும் மிச்சம், டீயும் திரிந்துபோகாது.

38. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை என்று பவுடரை அள்ளிப் போட வேண்டாம். ஊறவைத்துத் தேய்ப்பது போர் தண்ணீரிலும், கடைசி அலசல் மட்டும் லாரித் தண்ணீரிலும் செய்தால் துணி விறைப்பாக நிற்காது. அந்த அலசல் தண்ணீரே கழிப்பறைக்கு ஆச்சு.

39. ஏசி வாங்கினால் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் மேற்குச் சுவரில் மாட்டச் சொல்லுங்க. நீலப் பூச்சுப் பூசிய காயிலா என்றும் கேளுங்க. மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவிவிட்டால் கேஸ் லீக் என்று வருஷாவருஷம் செலவு வராது.

40. உப்பு ஈரத்தால் சுவிட்ச் போர்டு சுரீர் என்று இழுக்கிற வீட்டில் மற்ற எந்தச் செலவுக்கும் முன்னால் ஷாக் தடுக்கிற டிரிப்பரை மாட்டுங்க. கடையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று கேட்க வேண்டும். மாட்டியதோடு மறந்துவிடாமல், ஒன்றாம் தேதி தோறும் அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்க.

41. இரண்டு மாதக் கரன்ட் கணக்கில் 500 யூனிட் ஒரு வேலி மாதிரி. ஒரு யூனிட் தாண்டினாலும் 101லிருந்து 200 வரைக்கான குறைந்த விலை கைவிட்டுப் போகும், பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, நாற்பத்தைந்தாம் நாள் மீட்டரைப் பாருங்க. நெருங்கிவிட்டால் மிச்ச நாளுக்கு இஸ்திரிக் கடை, விசிறி மட்டும் என்று சமாளித்துவிடலாம்.

42. புயல் கூண்டு எண் டிவியில் சொன்னால் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துப் பக்கம் காற்று வலுக்கும். 5 முதல் 7 ஆபத்து. 8 முதல் 10 பேராபத்து. 11 என்றால் தகவல் தொடர்பே அற்றுவிட்டது. 3 ஏறினதுமே வலையும் இன்ஜினும் மேட்டுக்கு வந்துவிட வேண்டும், பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கடலில் ஆபத்து என்றால் 1093 கடலோரப் போலீஸ், 1554 கடலோரக் காவல்படை.

43. படகு எண், இன்ஜின் நம்பர், வலைக் கட்டுகள், ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் ஐப்பசி பிறந்ததும் போட்டோ எடுத்து மகள் போனுக்கும் அனுப்பி வைங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கறுப்பு எண்ணெய் வந்து படகும் வலையும் சுவரும் ஒன்றாய் அப்பியபோது, முன்பு எப்படி இருந்தது என்று காட்டப் படம் வைத்திருந்தவர்களுக்குக் கணக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. வெள்ளம் வடிந்ததும் சுத்தம் செய்யும் முன்பே இன்னொரு தடவை படம் எடுத்துவிட்டுத்தான் வாளியைத் தொட வேண்டும்.

44. கையில் காலில் எண்ணெய்க் கசடு ஒட்டினால் மண்ணெண்ணெய் வேண்டாம், தோல் வெந்துபோகும். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தாராளமாகத் தடவி, பழைய துணியால் வழித்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்க. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரையேறியபோது வாளியால் அள்ளிய எத்தனையோ பிள்ளைகளின் கையைக் குப்பத்துப் பெண்கள் இப்படித்தான் துடைத்துவிட்டோம்.

45. சுவரிலும் படியிலும் அப்பிய கசடில் முதலில் தண்ணீர் ஊற்றாதீங்க, பரவும். மரத்தூளோ மணலோ தூவி ஊறவிட்டு, வழித்துச் சாக்கில் கட்டிய பிறகு, பாத்திர லிக்விட் போட்டுத் தேயுங்க. சாக்கை ஆற்றங்கரையில் வைத்தால் அடுத்த மழையில் அதே எண்ணெய் நம்ம நண்டுக் குழிக்குத்தான் போகும். மாநகராட்சிக்கு 1913இல் சொல்லி எடுக்கச் சொல்லுங்க.

46. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கு அடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கண் எரிந்து எழுந்த பலருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியவில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டது இது: துண்டை நனைத்துப் பிழிந்து மூக்கையும் வாயையும் மூடுங்க, அம்மோனியா தண்ணீரில் கரையும். காற்று போகிற திசையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வருகிற பக்கம் போங்க. கண்ணை வெறும் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், வேறு எதையும் விடக்கூடாது. வெளியே போக முடியாத பெரியவர்கள் இருந்தால் ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, ஃபேனை நிறுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்க.

47. படுக்கும் முன் ஒரு வாளி நல்ல தண்ணீரும் நாலு துண்டும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் அட்டை, பாஸ்புக், ஒரு வார மாத்திரை எல்லாம் ஒரே ஜிப் கவரில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும். கண் பார்வை மங்கிய மாமியாருக்கும் இருட்டில் கைக்கு எட்டும் உயரமாகப் பார்த்து ஆணி அடிங்க.

48. பழைய வெள்ளை வேட்டியில் ஒரு முழம் கிழித்து மாடிக் கம்பியில் கட்டிவிடுங்க. துணி காயப்போடும்போதும், வடாம் விரிக்கும்போதும், படகு கிளம்பும்போதும் காற்று எந்தப் பக்கம் என்று அண்ணாந்து பார்த்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்க. வெள்ளையாக இருந்தால் ராத்திரியிலும் தெரியும், நைந்துபோனதும் மாற்றிவிடுங்க.